சுழித்துறையில் நான்கு நாள்

கிருத்திகா அந்த விளையாட்டுக்குள் தனியாகப் போனது ஒரே ஒரு முறைதான். முழுதாக ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை.

தனியாகப் போவதில்லை என்று அவளும் தம்பி நவநீதனும் முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். நவநீதனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து மூன்று வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழரைக்கு அவிநாசி சாலைக்குப் பின்னால் இருந்த டயாலிசிஸ் மையத்தில் போய்ப் படுத்தால் எழுந்திருக்க மதியம் ஆகிவிடும். கிருத்திகா பம்ப் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அந்த மூன்று நாளும் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆரம்பத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு தீர்ந்த பிறகு டி.வி. அதுவும் சலித்த பிறகுதான் 'சுழித்துறை' வந்தது.

செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதைக் கிருத்திகாவின் வீட்டு அலமாரியில் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கண்ணாடி. எங்கிருந்து மாட்டினாலும் பெட்டிக்குள் இருக்கும் ஊருக்குள் போய்விடலாம். சுழித்துறை என்பது அந்தத் துறைமுக ஊரின் பெயர். நானூறு பேர் வாழ்கிறார்கள். சண்டை போடுவது, புள்ளி சேர்ப்பது எதுவும் அங்கே கிடையாது. மனிதர்களோடு பழக வேண்டும், பேச வேண்டும், சில நேரம் முடிவெடுக்க வேண்டும். அதற்கேற்பக் கதை போகும். கண்ணாடி உங்கள் குரலையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் பொய்யை அந்த ஊர்க்காரர்கள் நம்புவதும் நம்பாததும் நீங்கள் சொல்கிற விதத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர் யாராவது உள்ளே இருந்தால்தான் அங்கே நேரம் ஓடும். இல்லையென்றால் ஊர் அப்படியே நின்றிருக்கும்.

நவநீதன் நில அளவையர். காடு மேடெல்லாம் நடந்து சங்கிலி பிடித்தவன். இப்போது இரண்டாவது மாடி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சுழித்துறையில் அவன் ஓடக்காரன். அக்கா மருந்துக் கடைக்காரி. மையத்தில் ஒரு கையை அசைக்காமல் படுத்துக்கொண்டே அந்த ஊரின் ஒவ்வொரு தெருவையும் பதினொரு மாதமாக நடந்து பார்த்துவிட்டான்.

அங்கே அவனுக்கு மிகவும் பிடித்தவள் நங்கை. ஐம்பது வயதிருக்கும், கட்டைக் குரல். ஆளுநரின் சுரங்கத்திலிருந்து வடியும் கழிவு ஊர்க் கிணறுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கிணறு கெட்டுவிட்டது என்று பரிசோதித்து அதன் மேல் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போடுவது நங்கையின் வேலை. யாரும் கொடுத்த வேலை அல்ல, அவளே எடுத்துக்கொண்டது. ஆளுநர் அதைக் குற்றம் என்று அறிவித்த பிறகு மறைந்து வாழ்ந்தாள். பெரும்பாலும் கிருத்திகாவின் மருந்துக் கடைப் பின்கட்டில்.

"இவகூடப் பேசறப்ப மட்டும் எனக்கு உடம்பு சரியில்லைங்கறதே மறந்து போகுதுக்கா" என்று ஒருமுறை நவநீதன் சொன்னான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நவநீதனின் இடது கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஊசி ஏற்றுகிற இடம். மருத்துவமனையில் சேர்த்து, கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டார்கள். திங்கட்கிழமை காலை முழுவதும் அவனோடு இருந்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்குக் கிருத்திகா வீட்டுக்கு வந்தாள். கணவன் பிரதீப் வேலைக்குப் போயிருந்தான். மகள் விடுதியில். குக்கரில் சோறு வைத்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு அந்த வீட்டின் அமைதி தாங்கவில்லை. அலமாரிக்குப் போய்க் கண்ணாடியை எடுத்தாள். ஐந்து நிமிடம் நங்கையோடு உட்கார்ந்துவிட்டு வரலாம், கதை எதுவும் நகராது என்றுதான் நினைத்தாள்.

நங்கை பின்கட்டில் சாயம் கரைத்துக்கொண்டிருந்தாள். "தம்பி வரலையா?"

"உடம்பு சரியில்லை."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்த ஒரு கேள்விக்குக் கிருத்திகாவின் கண் நிறைந்துவிட்டது. பதில் சொல்வதற்குள் கடை வாசலில் செருப்புச் சத்தம். நங்கை சாக்குத் திரைக்குப் பின்னால் போனாள்.

வந்தவன் காவல் தலைவன் இறையன். கூட நான்கு பேர். அவன் சத்தம் போடவில்லை, கத்தியை உருவவில்லை. மருந்துப் பெட்டியின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"கிணத்துல கோடு போடறவ உங்க கடைக்கு வந்து போறதா சொல்றாங்க."

இந்த மாதிரி இடங்களில் பேசுவது எப்போதும் நவநீதன்தான். அவன் குரலில் ஒரு நிதானம் இருந்தது, ஊர்க்காரர்கள் நம்புவார்கள். அவனைக் கூப்பிட வழியில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஊர் அப்படியே நிற்கும், சனிக்கிழமை இருவருமாக வந்து பேசலாம் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. எதிரே ஒரு மனிதன் நின்று கேட்கிறான்.

"இல்லைங்க. எனக்குத் தெரியாது."

"அவ உங்களுக்கு என்ன வேணும்?"

"யாருமில்லை."

"இத்தனை நாளா சோறு போட்டிருக்கீங்க."

"நான் போடலை. எப்பவாவது மருந்து வாங்க வருவா. அவ்வளவுதான். அவளுக்காக நான் எதுக்குங்க மாட்டிக்கணும்? எனக்குக் குடும்பம் இருக்கு."

நங்கையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அவள் குரல் வேறு மாதிரி சொல்லிற்று. அதில் இருந்த பயம் நிஜப் பயம். கண்ணாடிக்கு அது தெரிந்தது. இறையனுக்கும் தெரிந்தது. திரைக்குப் பின்னால் நின்றவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாக்கு விலகியது. நங்கை தானாகவே வெளியே வந்தாள்.

"அவங்களை விட்டுடுங்க" என்றாள் இறையனிடம். கிருத்திகாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் பார்க்காமல் இருந்தாளா, பார்த்தால் இவளும் சிக்கிக்கொள்வாள் என்று பார்க்காமல் இருந்தாளா, தெரியாது.

கைகளைக் கட்டிப் படகில் ஏற்றினார்கள். சிறை முகத்துவாரத்துக்கு அப்பால் தீவில் இருந்தது. கிருத்திகா துறைவரைக்கும் ஓடினாள், கத்தினாள். மணல்திட்டைத் தாண்டுகிற இடத்தில் அலை படகைப் புரட்டிப் போட்டது. இறையனும் அவன் ஆட்களும் நங்கையும் ஒருவரும் மேலே வரவில்லை. அவள் துறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில், இது விளையாட்டுதானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தம்பியிடம் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். "தெரியாமப் போயிட்டேன்டா, இப்படி ஆயிருச்சு." அவ்வளவுதான் வாக்கியம். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் வந்தது. தேதிகூடக் குறித்துவிட்டார்கள். பிரதீப் வேண்டாம் என்றான், மாமியார் அழுதார். அவர்களை அவள் சமாளித்திருப்பாள். பயம் அவளுடையது. அறுவைக்குப் பத்து நாள் இருக்கும்போது தம்பி வீட்டுக்குப் போய் அவன் எதிரே உட்கார்ந்து, "என்னால முடியலடா நவநீ. எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னாள். நவநீதன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "சரிக்கா" என்றான். "காப்பி குடிக்கறயா?" அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை. அவள்தான் ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் சனியும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

இன்னொரு தடவை அந்த 'சரிக்கா'வைக் கேட்க அவளால் முடியாது.

புதன்கிழமை மருத்துவமனையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டே நவநீதன் கேட்டான்.

"உள்ள ஏதாச்சும் போனியாக்கா?"

"இல்லையே. நீயில்லாம நான் ஏன் போறேன்?"

"சும்மா கேட்டேன்." கொஞ்சம் விட்டு, "நங்கை ஞாபகமாவே இருக்கு" என்றான்.

"சனிக்கிழமை பாக்கலாம். நீ சாப்பிடு."

வியாழக்கிழமையும் கேட்டான், வேறு மாதிரி. "அக்கா, என்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா? முகமே சரியில்ல."

"தூக்கமில்லடா. வேற ஒண்ணுமில்ல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நங்கையைப் பார்க்க முடியாத ஏக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே விசாரித்து, காந்திபுரத்தில் ஹக்கீம் என்பவருடைய கடையைக் கண்டுபிடித்தாள்.

ஹக்கீம் இந்தப் பெட்டிகளைச் செய்கிற நிறுவனத்தில் எட்டு வருடம் வேலை பார்த்து வெளியே வந்தவர். கடை என்பது குறுகலான ஒரு அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனாள். நடந்ததைச் சொன்னாள்.

"திங்கக்கிழமை மதியத்துக்கு முன்னால கொண்டு போய் விட்டுருங்க. போதும்" என்றாள்.

"முடியாதுங்க."

"பழைய விளையாட்டுல எல்லாம் சேமிச்சு வெச்சுக்குவோமே. தோத்துட்டா மறுபடி அங்கிருந்து..."

"அதெல்லாம் கம்ப்யூட்டருங்க. நகல் எடுக்கலாம். இதுக்குள்ள இருக்கற சில்லு அப்படி இல்ல. ஒவ்வொரு பேச்சுக்கும் உள்ள அதோட உருவமே கொஞ்சம் மாறும். மலைல தண்ணி ஓடி ஓடித் தடம் விழுகுமில்ல, அந்தாட்ட. தடம் விழுந்துட்டா தண்ணிய மேல அனுப்பி அத அழிக்க முடியாது. அதனாலதான் அந்த ஆளுங்க நெஜமாட்டப் பேசறாங்க."

"வேற வழியே இல்லீங்களா?"

ஹக்கீம் காதைச் சொறிந்தார். "மொத்தமா வெறுமையாக்கலாம். சூடு குடுத்தா எல்லாத் தடமும் போயிரும். அப்பறம் மொதல்ல இருந்து வளக்கோணும். நீங்க பதினோரு மாசக் கதையச் சொன்னீங்கன்னா, அத நான் உள்ள குடுத்துருவேன். அதே ஊரு, அதே பேரு. உங்களத் தெரிஞ்ச மாதிரி பேசுவாங்க. ஆனா அது அந்தம்மா இல்லீங்க. அந்தம்மா கதைய யாரோ சொல்லிக் கேட்டவங்க."

"வித்தியாசம் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியலாம். தெரியாமலும் போகலாம்."

"மத்த நானூறு பேரு?"

"அவங்களும்தான். நீங்க சொல்றவங்க இருப்பாங்க. சொல்லாம விட்டவங்களுக்குப் பதிலா அது வேற ஆளுங்கள உண்டாக்கிக்கும்."

"அழிக்கறப்ப அவங்களுக்கு ஏதாச்சும்... வலிக்குமுங்களா?"

"எங்க கம்பெனில இதப்பத்தி ரெண்டு வருசம் மீட்டிங் போட்டாங்க. ஒரு முடிவுக்கும் வரல. எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லோணும்." பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேர் பேருல இருக்குது. தம்பிக்குத் தெரியுங்களா?"

"தெரியும்" என்றாள் கிருத்திகா. அழிக்க இருவரின் ரகசிய எண்ணும் வேண்டும்; அவனுடையதும் அவளுக்குத் தெரியும். அதைத் தட்டினாள்.

"ஒண்ணு பண்ணுங்க. கடைசியா ஒருக்கா உள்ள போய்ப் பாத்துட்டு வந்துருங்க. வர்ற எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்றது. பாத்துட்டு, வேண்டாம்னு பெட்டிய எடுத்துட்டுப் போனவங்க நெறைய."

"வேண்டாங்க. அந்தத் துறைய மறுபடி பாக்க என்னால ஆகாது."

மூன்று மணி நேரம் அவள் கதை சொன்னாள். நங்கை எப்படிச் சிரிப்பாள், எந்தக் கிணற்றுக்கு எப்போது கோடு போட்டாள், நவநீதனை 'தம்பி' என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தாள் எல்லாம். ஹக்கீம் பதிந்துகொண்டே வந்தார். சில இடங்களில் அவளுக்கே நினைவு தடுமாறியது. மீன் விற்கிற கிழவரின் பெயர், நவநீதன் யாரோடு சீட்டாடுவான் என்பது. பரவாயில்லை, அது நிரப்பிக்கொள்ளும் என்றார் அவர். பெட்டியின் பக்கவாட்டில் பச்சை விளக்கு அணைந்தது. இருபது நிமிடம் கழித்து மறுபடி எரிந்தது.

அன்று மாலை நவநீதனை வீட்டுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை காலை வழக்கம்போல மையத்துக்கு வந்தான். கையில் அடைப்பு நீங்கியிருந்தது. ப்ளெஸ்ஸி சிஸ்டர் இரண்டு ஊசிகளையும் ஏற்றிவிட்டு, "ஒரு வாரத்துல எளச்சுட்டீங்க சார்" என்றபடி இயந்திரத்தை ஓடவிட்டாள்.

"போலாமாக்கா?" என்றான் நவநீதன். அவன் கண்ணில் ஏதோ இருந்தது. சின்ன வயதில் எதையாவது முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கும்போது இருப்பது. "நீ மொதல்ல மாட்டு. நான் ஒண்ணு சொல்லோணும். உள்ள போய்ச் சொல்றேன்."

இருவரும் கண்ணாடியை மாட்டினார்கள்.

மருந்துக் கடைப் பின்கட்டு. நங்கை சாயம் கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "தம்பி வந்தாச்சா? உடம்பு தேவலையா?"

கிருத்திகாவுக்கு நிம்மதியாக இருந்தது. அதே கட்டைக் குரல். அதே சிரிப்பு என்றுதான் தோன்றியது. பக்கத்தில் நின்ற நவநீதனைப் பார்த்தாள். அவன் அசையாமல் நின்றான். சந்தோஷமாக இருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் நங்கையை, வழி கேட்டு வந்த முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"தேவலைங்க" என்றான். அவளை அவன் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை.

பிறகு விறுவிறுவென்று வெளியே நடந்தான். கிருத்திகா பின்னால் ஓடினாள். துறையைக் கடந்து, காவலர் குடியிருப்புக்குள் நுழைந்து, ஒரு வீட்டின் முன் நின்றான். முற்றத்தில் கிணறு இருந்தது. கிணற்றுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தான். வெறும் கல். கதவைத் தட்டினான். திறந்தவன் இறையன்.

"உங்க வீட்டம்மா இருக்காங்களா?"

"எனக்கு ஏது வீட்டம்மா?" என்றான் இறையன். "நான் தனிக்கட்டை. யார் நீ?"

நவநீதன் கண்ணாடியைக் கழற்றினான். அவளும் கழற்றினாள். அவன் முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வேர்வை. அடுத்த நிமிடம் இயந்திரம் அலற ஆரம்பித்தது. ப்ளெஸ்ஸி ஓடி வந்து நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினாள். "பிரஷர் இறங்குது. பயப்படாதீங்க மேடம், சலைன் விடறேன்." கிருத்திகா அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடத்தில் அளவு மேலே வந்தது. ப்ளெஸ்ஸி அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

"என்னக்கா பண்ணுன?" என்றான் நவநீதன். சத்தமே வரவில்லை.

அவள் சொன்னாள். திங்கட்கிழமை, இறையன், படகு, ஹக்கீம். சொல்லி முடித்ததும், "நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்டா" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நங்கை செத்தது. செவ்வாய்க்கிழமையே தெரியும். வார்டுல படுத்தே கெடக்க முடியல. பேசி வெச்சத நானும் மீறித்தான் போனேன். போனா, கடைல ஒருத்தரும் இல்ல. தொறையில கேட்டேன், படகு கவுந்துருச்சுன்னாங்க. உங்கக்கா இங்க உக்காந்து அழுதுட்டே இருந்தாங்க, அப்பறம் காணம்னு சொன்னாங்க."

கிருத்திகா அவன் காலை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவங்க யாரும் உன்மேல கோவமா இல்லக்கா. நீ எப்ப வருவேன்னுதான் கேட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "நான் செவ்வாய் பூராம் அழுதேன். பொறவு, சரி, ஆனது ஆயிருச்சு, இனி என்னன்னு பாக்கலாம்னு புதன்கிழமை மறுபடி போனேன். அப்பத்தான் இறையனோட சம்சாரம் என்னத் தேடி வந்தாங்க."

"இறையனுக்குச் சம்சாரமா?"

"ஆமா. அதே படகுலதான அவனும் போனான்? பதினோரு மாசமா அந்தம்மா நம்ம கண்ணுல படவே இல்ல. வந்து நின்னு, 'என் புருசன் கடைசியாப் பண்ணின வேலை அந்தப் பொம்பளையக் கட்டி இழுத்துட்டுப் போனதுதானா?'ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். அப்பறம் அந்தச் சாயம் எங்கன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். நேரா அவங்க வீட்டுக்குப் போனாங்க. காவலர் குடியிருப்புல, நட்ட நடு மத்தியானம், அத்தன பேரு பாக்க, அவங்க வீட்டுக் கெணத்துல அவங்களே கோடு போட்டாங்க. அந்தக் கெணறும் கெட்டுத்தான் கெடந்துருக்குது. ரெண்டு புள்ளைங்கள அதுல பறிகுடுத்துட்டு வாய மூடிட்டு இருந்துருக்காங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டு பேசினான்.

"வியாழக்கிழமை நான் போறப்ப ஊரே சாயத்தோட நிக்குது. காவக்காரனுங்க சும்மா நின்னாங்க, எவனும் தடுக்கல. ஆயிரம் தடவ நங்கை பேசியும் நடக்காதது அது. நாம நங்கையக் காப்பாத்தியிருந்தா அந்தம்மா கதவத் தொறந்து வெளிய வந்திருக்கவே மாட்டாங்க. நான் அப்படியே நின்னு பாத்துட்டு இருந்தேன். எங்கக்காவக் கூட்டிட்டு வந்து இதக் காட்டோணும்னு தோணுச்சு. தப்பா முடிஞ்சதுக்கு அப்பறமும் கதை இருக்குதுன்னு உனக்குக் காட்டோணும்னு. வெள்ளிக்கிழமை காலைல உள்ள போகவே முடியல. கரெண்டு போயிருச்சாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன்."

"நவநீ..."

"ரெண்டு தடவ கேட்டனேக்கா. போனியான்னு கேட்டேன். சொல்லோணுமான்னு கேட்டேன்."

"உன்ற முகத்த இன்னொரு தடவ அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்லடா. அன்னிக்கு ஆப்பரேசன் விசயத்துல..."

"அன்னிக்கு நீ நேர்ல வந்து சொன்ன." அவன் கண்ணைத் திறந்தான். "எத்தன பேரு வந்து பாத்தாங்க, எத்தன பேரு எத்தன காரணம் சொன்னாங்க. பயமா இருக்குதுன்னு மூஞ்சியப் பாத்துச் சொன்னது நீ ஒருத்திதான். அத வெச்சுத்தான் நான் இந்த ரெண்டு வருசம் உன்கூட உக்காந்திருக்கேன். உனக்கு அது தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. அவன் சொன்னதே இல்லை.

சிவந்த குழாய் வழியே அவன் ரத்தம் வெளியே போய், சுத்தமாகி, உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ஹக்கீம்கிட்டயே மறுபடி கொண்டு போலாமா?" என்றாள் கிருத்திகா. "நீ பாத்ததெல்லாம் சொல்லு. அதையும் சேத்து..."

"வேண்டாம். இப்ப உள்ள இருக்கறாங்களே நானூறு பேரு, அவங்களையும் அழிக்கறதுக்கு அவங்க என்ன பண்ணுனாங்க? அந்தப் பொம்பள என்னப் பாத்து உடம்பு தேவலையான்னு கேக்கறா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. விட்டுரு."

"அப்ப நான் என்னதான்டா பண்றது?"

"ஒண்ணும் பண்றதுக்கில்லக்கா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் களைத்துப்போய்ச் சொன்னான், அது உண்மையாகவும் இருந்தது.

"என்கிட்டச் சொல்லு" என்றாள் கடைசியில். "நீ பாத்தது எல்லாத்தையும். நான் கேட்டுக்கறேன். நம்ம ரெண்டு பேருக்காச்சும் தெரிஞ்சிருக்கட்டும்."

நவநீதன் சொல்ல ஆரம்பித்தான். துறையில் யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் சாயத்தைத் தொட்டார்கள், எந்தக் காவலன் தொப்பியைக் கழற்றினான் என்று. பத்துப் பன்னிரண்டு பேரைச் சொல்லியிருப்பான். இறையனின் மனைவியிடம் வந்தபோது நின்றுவிட்டான்.

"அந்தம்மா பேரு..."

கிருத்திகா அவன் பக்கம் குனிந்தாள்.

"சொன்னாங்க. ஒரே ஒரு தடவ சொன்னாங்க. நான் அக்கா அக்கான்னே கூப்பிட்டுட்டு இருந்துட்டேன்." புருவத்தை நெரித்தான். டயாலிசிஸ் நாட்களில் இப்படி அவனுக்கு மறதி வருவது உண்டு. தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்டுக்கொள்வான். இதை யாரிடம் கேட்பது?

"வ-ன்னு ஆரம்பிக்கும். வடிவா? இல்ல."

"வஞ்சி?"

"இல்லக்கா."

"வள்ளி, வசந்தா, வாசுகி..."

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். ப்ளெஸ்ஸி வந்து இயந்திரத்தை நிறுத்தினாள். "என்ன சார், எதைத் தேடறீங்க?"

"ஒருத்தங்க பேரு சிஸ்டர்."

"விடுங்க சார், யோசிக்காம இருந்தா தானா வரும்." ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து அவன் விரலை அதன்மேல் அழுத்திவிட்டுப் போனாள். பத்து நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். நவநீதன் பிடித்துக்கொண்டிருந்தான். கிருத்திகா தனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.